கொம்பு முளைத்த குண்டு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாந்தோமில் காலைப் பூசை முடிந்து, மந்தைவெளிக்குத் திரும்பும் முன் மீன் வாங்கலாமென்று கடற்கரைப் பக்கம் இறங்கினேன்.

குப்பத்துக்கு எதிரே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலையின் இரண்டு கயிற்றையும் கரையில் இரண்டு வரிசையாக நின்று இழுப்பார்கள். கடைசியில் மீனோடு ‘மடி’ வந்து சேரும். மடி என்பது வலையின் பை போன்ற நுனி. அன்று அதற்குள் மீன் மட்டும் இல்லை.

அலை உடையும் இடத்துக்கு அப்பால், வலைக்குள்ளிருந்து கறுப்பாக ஓர் உருண்டை எழும்பி அமுங்கியது. கல்யாண வீட்டு அண்டா அளவு. அதன் மேல் கொம்பு கொம்பாக ஏதோ...

“நிறுத்துங்க! இழுக்காதீங்க!”

பின் பெஞ்சுப் பையன்களுக்கே கேட்காத என் குரல், அன்று கடலைத் தாண்டிக் கேட்டது.

சண்டைக் காலத்தில், விமானம் குண்டு போட வந்தால் ஊரை எச்சரிக்கிற ஏ.ஆர்.பி. வார்டன் நான். தகரத் தொப்பி, விசில், கூடவே விதவிதமான வெடிகளின் படம் போட்ட ஒரு சின்னப் புஸ்தகம் கொடுத்தார்கள். நான் பௌதிக வாத்தியார் அல்லவா? விசிலை ஊதியதைவிடப் புஸ்தகத்தைப் படித்ததுதான் அதிகம். அதில் இருந்தது இது — கடல் கண்ணி. சங்கிலி போட்டுத் தண்ணீருக்கடியில் கட்டி வைப்பார்கள். கொம்புக்குள் கண்ணாடிக் குப்பி, குப்பிக்குள் அமிலம். கப்பல் இடித்தால் கொம்பு நசுங்கும், குப்பி உடையும், அமிலம் பாய்ந்து மின்சாரம் பிறக்கும். அப்புறம் கப்பல் இருக்காது.

எங்கோ சங்கிலி துருப்பிடித்து அறுந்து, இந்தக் கண்ணி மிதந்து வந்திருக்கிறது. சண்டை முடிந்த சேதியை எல்லோருக்கும் சொன்னார்கள். கண்ணிக்கு யார் சொல்வது?

வலைக்குத் தலைவன் அந்தோணி. அவன் மனைவி ராயம்மாதான் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருகிறவள். நான் சொன்னதை இருவரும் கேட்டார்கள்.

“அறுத்து வுட்டுட்டா?” என்றான் அந்தோணி.

“அறுத்தா அலை அத்த எங்க கொண்ணாந்து போடும்? நம்ம குடிசை வாசல்லதான்” என்றாள் ராயம்மா.

கப்பலைப் பிளக்கிற சாமானுக்கு ஓலைக் குடிசை எம்மாத்திரம்?

அந்தோணி வானத்தைப் பார்த்தான். தரைக்காற்று வீசிக்கொண்டிருந்தது. “மத்தியானம் கடக்காத்து எழும்பி அத்தக் கரைக்குத் தள்ளிடும் சார். அதுக்குள்ள யாரையாச்சும் இட்டாந்துடுங்க. அதுவரிக்கும் நானும் தம்பியும் புடிச்சிக்கினு இருக்கோம்.”

அவனும் தம்பி சூசையும் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நீளக் கயிறு ஒன்றை மடியில் கட்டி, மறுமுனையைக் கட்டுமரத்தில் முடிந்து, கடலைப் பார்த்துத் துடுப்புப் போட ஆரம்பித்தார்கள். முன்னேற அல்ல — நகராமல் இருக்க!

நான் ஓடினேன். லஸ் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு டாக்டர் வீட்டில் டெலிபோன் உண்டு. துறைமுக ஆபீசைக் கூப்பிட்டேன். எடுத்தவர் நிதானமாகக் கேட்டார்:

“யுத்தம் முடிஞ்சு போச்சே சார், பேப்பர் பாக்கறதில்லையா?”

வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டேன். “ஞாயித்துக்கிழமை ஆபீசர் இல்லை” என்று வைத்தார். மறுபடி கூப்பிட்டேன். மொத்தம் எத்தனை தடவை என்று நினைவில்லை.

“யாரோட இப்படிச் சண்டை போட்டுண்டு இருக்கேள்?” என்று டாக்டரின் மனைவி உள்ளேயிருந்து வந்துவிட்டார்.

“உங்க ஆபீசர் வர்ற வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே இருப்பேன். ரெண்டு பேர் அதைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க!” என்று கத்தினேன்.  அந்தப் பக்கம் வேறு குரல் ஒன்று வந்தது. கொம்பு எத்தனை, உருண்டை எவ்வளவு பெரிது என்று கேட்டது. கடைசியில், “ஜனங்களை விலக்குங்கள், வருகிறோம்” என்றது.

ஜனங்களை விலக்குவதா? நான் திரும்புவதற்குள் பாதி மயிலாப்பூர் மணலில் கூடிவிட்டது. அவர்களுக்கு முன்னால் கையில் துடுப்போடு ராயம்மா.

“பாக்கறதுக்கு இன்னா கீது இங்க? தேரா வருது? போ அந்தாண்ட!”

அதட்டினாளே தவிர, கண் கடலைவிட்டு அகலவில்லை. கயிற்று வரிசையில் இருந்த எல்லோரையும் தூரமாக அனுப்பிவிட்டாள். தான் மட்டும் போகவில்லை. “நீயும் தள்ளிப் போ ராயம்மா” என்றேன். “அவுங்க ரெண்டு பேரும் அங்க கீறாங்களே சார்” என்றாள்.  நானும் அவள் பக்கத்தில் நின்றேன்.  

பதினோரு மணி வாக்கில் காற்று செத்தது. பிறகு மெல்லத் திரும்பியது. ஒவ்வொரு அலைக்கும் கறுப்பு உருண்டை ஒரு முழம் கரைப்பக்கம் வந்தது. சூசை துவண்டு குனிவது தெரிந்தது. அந்தோணி ஏதோ கத்தினான். சூசை நிமிர்ந்தான். இரண்டு துடுப்பும் மறுபடி சேர்ந்து விழுந்தன. ராயம்மா “மாதாவே, மாதாவே” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வடக்கே துறைமுகத்திலிருந்து மோட்டார் லாஞ்ச் வந்தபோது, கண்ணி அலை உடையும் இடத்தைத் தொட இருந்தது. லாஞ்சுக்காரர்கள் கயிற்றை வாங்கிக்கொண்டு வெகுதூரம் இழுத்துப் போனார்கள். கயிற்றை விட்டு விலகி நின்று, கண்ணியைத் துப்பாக்கியால் சுட்டார்கள். தண்ணீர் பனைமர உயரத்துக்கு எழும்பியது. சத்தம் அதற்கப்புறம்தான் வந்தது. சாந்தோம் ஜன்னல்கள் எல்லாம் அதிர்ந்தன. வலையின் மடியும் கூடவே போயிற்று.

கரைக்கு வந்த அந்தோணியால் துடுப்பைக் கீழே போட முடியவில்லை. விரல்கள் அப்படியே மடங்கி நின்றுவிட்டன. ராயம்மா மணலில் உட்கார்ந்து, தேங்காய் எண்ணெய் தடவி, ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். அப்போதுதான் அவள் அழுதாள்.

“பயமா இல்லையாப்பா?” என்று கேட்டேன்.

“இருந்துச்சி சார். அதுக்குன்னு வுட முடியுமா?”

யோசித்துப் பாருங்கள். எத்தனை மூளைகள் சேர்ந்து அந்தக் குப்பியையும் கொம்பையும் கண்டுபிடித்தனவோ! அதைத் தடுத்து நிறுத்த வாய்த்தது என்ன? ஒரு கயிறும், விட மறுத்த நான்கு கைகளும்.

போன வாரம் துறைமுக ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ‘சமயோசிதமாகச் செயல்பட்டுக் குப்பத்தைக் காப்பாற்றியதற்கு’ நன்றி. நன்றிக்குரியவர் என்று ஒரே ஒரு பெயர் — டெலிபோன் செய்தவனுடையது!

அந்தோணி, சூசை, ராயம்மா என்று மேலே எழுதி, என் பெயரை அடித்து, நேற்றே திருப்பி அனுப்பிவிட்டேன்.