அழுகை – பெண் – க்ளோசப்

சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதற்கு வெளியே, அந்தத் தொலைக்காட்சி நிறுவனத்தின் நான்கு மாடிகளிலும் அவர் 'அலமாரி'தான். "அலமாரி, மழை வேணும், குடையோட." "அலமாரி, நீதிமன்றம் வேணும், வெளிப்பக்கம், காக்கா இல்லாம." இருபத்துமூன்று ஆண்டுகளாக, பழைய படக்காட்சிகளைச் சேர்த்து வைத்திருக்கும் கீழ்த்தளத்துக் காப்பக அறையில் இருந்துகொண்டு, கேட்டவர் வாயை மூடுமுன் கேட்ட காட்சியை எடுத்துக் கொடுத்தார். இயந்திரங்களுக்காக அந்த அறையை எப்போதும் குளிரவைத்திருப்பார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் அவர் உள்ளே ஸ்வெட்டர் போட்டிருப்பார்.

தேர்தல் வந்தால் அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. "கூட்டம் வேணும்" என்பார்கள். "எவ்வளவு கூட்டம்?" என்பார். "ஜெயிக்கிற கூட்டம்." அதுவும் அவரிடம் இருந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மைதானத்தில் நின்ற ஒரே கூட்டம் மூன்று கட்சிகளுக்குக் கைதட்டியிருக்கிறது, சட்டைகூட மாற்றாமல். அதைச் சொல்லிச் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார்.

அவருடைய கெட்டிக்காரத்தனம் பெயர்ச்சீட்டில் இருந்தது. எந்தக் காட்சி வந்தாலும் அது எங்கே, எப்போது எடுத்தது, யாருடையது என்று எழுதமாட்டார். அதை யார் கேட்கிறார்கள்? வெள்ளம் வேண்டும் என்பார்களே தவிர, இன்ன தெருவில் இன்ன தேதியில் வந்த வெள்ளம் வேண்டும் என்று எவரும் கேட்டதில்லை. ஆகவே 'வெள்ளம் – முழங்கால் – குழந்தை' என்று எழுதுவார். 'தீ – இரவு – தூரம்' என்று எழுதுவார். திரும்பப் பயன்படுமா, படாதா என்பது ஒன்றே கணக்கு. பொய் சொல்வதற்குப் பொய்ப்படம் எடுக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். தேவையில்லை. உண்மையான படத்திலிருந்து பெயரையும் தேதியையும் உரித்துப் போட்டால் போதும், அது எந்தப் பொய்க்கும் ஒத்துழைக்கும். அந்த உரிக்கிற வேலையைத்தான் அவர் செய்துகொண்டிருந்தார், நல்ல கையெழுத்தில்.

இந்தத் தேர்தலில் இரண்டாவது மாடி விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு சீட்டு வந்தது. 'அம்மா அழுவது. பின்னணி எதுவும் தெரியக்கூடாது. தெரிந்த முகமாக இருக்கக்கூடாது.' நான்கு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். 'அழுகை – பெண் – க்ளோசப்', நாற்பத்தேழு வினாடி. முன்பும் முப்பது தடவைக்குமேல் போன காட்சிதான். காய்ச்சலில் செத்தவர்களுக்கும், பேருந்து கவிழ்ந்ததற்கும், ஒருமுறை வெளிநாட்டு நிலநடுக்கத்துக்கும் அந்தப் பெண் அழுதிருக்கிறாள். இப்போது ஒரு வேட்பாளருக்காக அழுதாள். அவள் அழுகிறாள், "இந்தக் கண்ணீருக்கு யார் பதில் சொல்வது?" என்று ஒரு குரல் கேட்கிறது, பதிலாக வேட்பாளர் கைகூப்பியபடி வருகிறார். ஒரு நாளைக்கு அறுபது தடவை.

செவ்வாய்க்கிழமை காலை, வரவேற்பில் இருக்கும் பெண் போன் செய்தாள்.

"சார், ஒரு அம்மா வந்திருக்காங்க. எல்லா மாடியும் ஏறி எறங்கிட்டாங்க. எல்லாரும் உங்களக் கைகாட்டறாங்க."

"எதுக்கும்மா?"

"விளம்பரத்துல தன்னோட படம் வந்திருக்காம்."

துணிப்பையை மார்போடு அணைத்தபடி ஒரு பெண் உள்ளே வந்தாள். ஐம்பத்தைந்து இருக்கும். பல நூறு தடவை பார்த்த முகம். ஆனால் அந்த முகம் அழாமல் இருந்து அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார்.

"நான் யாருக்காக அழறேன்னு தெரியுமா சார்?" என்றாள்.

அவர் கம்ப்யூட்டர் திரையை அவள் கண்ணில் படாமல் திருப்பிவைத்தார்.

"என் பையனுக்காக. சாயத் தொழிற்சாலைல பாய்லர் வெடிச்சு தீப்புடிச்சுது. பதினொரு பேரு உள்ளயே போயிட்டாங்க. பதினொரு வருஷமாச்சு. அந்தத் தொழிற்சாலை முதலாளிதான் இப்ப அந்த விளம்பரத்துல கும்பிட்டுக்கிட்டு நிக்கறாரு."

பையை மடியில் இறக்கி வைத்துக்கொண்டாள்.

"பதினொரு வீடும் ஒரே தெருதான் சார். வருஷா வருஷம் அந்தத் தேதில, பதினொரு போட்டோவையும் எடுத்துக்கிட்டு தொழிற்சாலை வாசல்ல போய் நிப்போம். அடுத்த வாரம் அந்த நாள் வருது. இந்தத் தடவ என் பையன் போட்டோவ வரிசைல வைக்கவேணாங்கறாங்க. அந்த முதலாளிக்கு அழறதுக்கு ஆளு நீதானான்னு கேக்கறாங்க. நான் நடிச்சேனாம்."

"அம்மா, நான் வந்து..."

"உங்கமேல தப்பு சொல்லல. அன்னிக்கு நான் அழுதது கொஞ்ச நேரம். அப்புறம் பேசினேன். உங்க ஆளு மைக்க நீட்டினாரு, நானும் சொன்னேன். கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்தது, சாவி முதலாளி மேசைல இருந்ததுன்னு. கூட்டிட்டுப் போய் பூட்டையே காட்டினேன். அந்த மிச்சத்த மட்டும் குடுங்க. தெருவுல போட்டுக் காட்டிட்டு நான் பாட்டுக்குப் போறேன்."

"எங்ககிட்ட இருக்கறது நாப்பத்தேழு செகண்டுதாம்மா. அன்னிக்குச் செய்தில போட்டதும் அவ்வளவுதான்."

அவள் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

"அப்போ நான் பேசினது வரவே இல்லையா?"

"இல்லம்மா."

"எங்க வீட்ல அன்னிக்கு டிவி பாக்கற நெலமையா? ஊரே கேட்டிருக்கும்னு இத்தன வருஷமா நெனச்சிக்கிட்டிருந்தேன். கேட்டுட்டும் சும்மா இருக்காங்களேன்னுதான் எனக்குக் கோவம்." துணிப்பையின் வாரை முறுக்கினாள். "யாரும் கேக்கவே இல்லையா."

"பழைய டேப்பெல்லாம் யாரோ அழிச்சிட்டாங்கம்மா" என்றார் அவர். "நான் வர்றதுக்கு முன்னாடி."

"நீங்க எத்தன வருஷமா இருக்கீங்க?"

"எட்டு."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் எழுந்தாள். "பரவால்ல சார். இந்தக் கட்டடத்துல நீங்க ஒருத்தராவது உக்காரச் சொன்னீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் திட்டியிருந்தால் மதியம் சாப்பிட்டிருப்பார். அந்த நன்றிக்குப் பிறகு சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

கம்ப்யூட்டருக்கு மாறிய காலத்தில் நாலாயிரம் பழைய டேப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அழிக்கச் சொன்னார்கள். எதை அழித்தோம், ஏன் அழித்தோம் என்று எழுதிய பதிவேடு அலமாரியின் அடித்தட்டில் இருந்தது. தூசியைத் தட்டிப் பிரித்தார். தேட அதிக நேரம் ஆகவில்லை. அவ்வளவு ஒழுங்காக எழுதியிருந்தார்.

'தொழிற்சாலை விபத்து. அழுகை, 47 வினாடி: எடுக்கப்பட்டது. பேச்சு: நீளம், தெளிவில்லை. கதவு, பூட்டு: மறுபயன் இல்லை. அழிக்கலாம்.' கீழே அவருடைய கையெழுத்து, முழுப்பெயரோடு.

படித்ததும் அந்தப் பூட்டு கண்முன் வந்தது. பச்சை வர்ணம் கருகிப்போன இரும்புக் கதவு. கைமுட்டி அளவு பித்தளைப் பூட்டு, தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கோடரி வெட்டிய தழும்புகள். கேமரா ஆடியது. 'இப்படி ஆடினால் யாருக்கு உதவும்' என்று நினைத்துக்கொண்டே அழிக்கும் பொத்தானை அமுக்கியதுகூட நினைவு வந்தது.

அழிக்கச் சொல்லி அந்தத் தொழிற்சாலை முதலாளி போன் செய்யவில்லை. எந்தத் தலைவரும் மிரட்டவில்லை. யாராவது மிரட்டியிருந்தால் இன்று சாய்ந்துகொள்ள ஒரு சுவராவது இருந்திருக்கும். மனிதர்களை நம்பவைக்கும் வேலை எங்கோ பெரிய மாளிகையில் சதி செய்து நடப்பதாகச் சொல்கிறார்கள். அங்கேயும் நடக்கலாம். ஆனால் அதில் பாதி, சம்பளத்துக்கு ஒழுங்காக வேலை செய்கிற, வீட்டில் பாசமான ஒரு மனிதர் கீழ்த்தளத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு செய்வது.

மாலையில் மூன்றாவது மாடிக்குப் போனார். செய்தி ஆசிரியர் இரண்டு போன்களில் பேசிக்கொண்டிருந்தார். இரண்டையும் வைக்கும்வரை நின்றார்.

"என்னய்யா அலமாரி, நீயே நடந்து வந்திருக்க?"

அவர் சொன்னார். ஆசிரியர் காது குடைந்துகொண்டே கேட்டார்.

"அது விளம்பரம்யா, செய்தி இல்ல. சரி, படம் பொய்யா? அந்தம்மா அழலையா?"

"அழுதாங்க."

"அப்புறம் என்ன?"

"அந்தம்மா பையன் செத்தது அந்த முதலாளி பூட்டின கதவுக்குள்ள சார்."

"விசாரணை அறிக்கைல கதவு தெறந்திருந்ததுன்னு இருக்கு. நாம அப்ப என்ன தலைப்பு போட்டோம், ஞாபகம் இருக்கா? 'விதியின் விளையாட்டு'. நான்தான் வெச்சேன்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "போய் வேலையப் பாருய்யா. அலமாரிக்கு மனசாட்சி வந்துட்டா, அப்புறம் நாங்க துணிய எங்க வைக்கறது?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். வழக்கம்போல அவருக்கும் உதடு சிரிக்கப் போனது. அது அவருக்கே அருவருப்பாக இருந்தது. விதிக்கு வெளிப்பக்கப் பூட்டு எதற்கு என்று கேட்டிருக்கலாம். படி இறங்கும்போதுதான் தோன்றியது.

வீட்டில் அவர் மனைவி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். குடுவையில் என்ன இருக்கிறது என்று சீட்டு ஒட்டாமல் எதையும் தட்டில் வைக்கவிடமாட்டாள். அவர் நடந்ததைச் சொன்னார்.

"யாரோ அழிச்சிட்டாங்கன்னு சொன்னீங்களா? யாரோன்னா யாருங்க, மேல் மாடிக்காரங்களா?"

"நான்தான்."

பாதி மடித்த சட்டை அவள் மடியில் அப்படியே கிடந்தது.

"எட்டு வருஷம்னு வேற சொல்லிட்டேன்."

"பொய் பேசறவங்க டிவில வந்தா நான் சேனல மாத்திடுவேன்" என்றாள் அவள், நிதானமாக. "இப்ப எத மாத்தறதுங்க?"

நான்கு நாள் வீட்டில் உப்புக்கும் தண்ணீருக்கும் மட்டுமே பேச்சு இருந்தது. சனிக்கிழமை அவர் வரவேற்பறைப் பார்வையாளர் பதிவேட்டிலிருந்து அந்த அம்மாவின் முகவரியைக் குறித்துக்கொண்டார். ஞாயிறு காலை சட்டை மாட்டியபோது, எங்கே போகிறீர்கள் என்று மனைவி கேட்கவில்லை. குடையை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

ஒரே கூரையின்கீழ் வரிசையாகச் சின்ன வீடுகள். நடுவில் ஒரு குழாய். அந்த அம்மா கதவைத் திறந்தாள், முகம் மலர்ந்தது.

"சார், நீங்களா. உள்ள வாங்க. கெடைச்சிருச்சா?"

"இல்லம்மா. மத்தவங்கள எல்லாம் கூப்பிடணும்."

"அவங்க என் வாசப்படி ஏறமாட்டாங்க சார்."

அவரே எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். எட்டிப்பார்த்த பெண்மணிக்கு எழுபது இருக்கும், இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"எந்தக் கட்சி?"

"கட்சி இல்லம்மா. டிவிலேந்து."

"அது அதவிட மோசம்."

ஆனாலும் வந்தாள். அவள் வந்ததைப் பார்த்து மற்றவர்களும் குழாயடிக்கு வந்தார்கள். எட்டுப் பெண்கள், இரண்டு கிழவர்கள். அந்த அம்மா தன் வாசலிலேயே தள்ளி நின்றாள். குளிரறையிலேயே வாழ்ந்தவருக்கு வெயிலில் வியர்த்துக் கொட்டியது. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நடுவிலிருந்து தொடங்கினார்.

"இவங்க நடிக்கல. அது அன்னிக்கு எடுத்த படம். இவங்க பேசினாங்க, பூட்டக் காட்டினாங்க. அழுததமட்டும் வெச்சுக்கிட்டு மிச்சத்த அழிச்சாச்சு. இவங்ககிட்ட யாரும் கேக்கல. படத்த விளம்பரத்துக்கு அனுப்பினதும் இவங்களுக்குத் தெரியாது."

"அழிச்சது யாரு?" என்றாள் எதிர்வீட்டுப் பெண்மணி.

"நான்."

"அனுப்பினது?"

"அதுவும் நான்தான்."

வாசலில் நின்ற அந்த அம்மா மெதுவாக இறங்கி வந்தாள்.

"எட்டு வருஷம்னு சொன்னீங்களே."

"இருபத்துமூணு வருஷம்மா."

அவள் அவரையே பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் அவரை 'சார்' என்று அழைக்கவில்லை.

"நீங்க பூட்டப் பாத்தீங்களா?" என்றார் ஒரு கிழவர்.

"பாத்தேன்." பச்சைக் கதவையும், பித்தளைப் பூட்டையும், கோடரித் தழும்பையும் சொன்னார். காது மந்தமான ஒருத்திக்காக மறுபடி சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். சொன்னார். அடிக்க வருவார்கள் என்று எதிர்பார்த்து வந்திருந்தார். அடி வாங்கினால் கொஞ்சம் தீரும் என்றுகூட எண்ணியிருந்தார். யாரும் கை ஓங்கவில்லை. எதிர்வீட்டுப் பெண்மணி உள்ளே போய், பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்த விசாரணை அறிக்கையை எடுத்துவந்து ஒரு வரியை விரலால் காட்டினாள். 'கதவுகள் அனைத்தும் திறந்திருந்தன.'

"இத எழுதினவரும் உங்கள மாதிரியே அழகா கையெழுத்து போட்டிருக்காரு" என்றாள்.

பிறகு அவர்கள் அவரை மறந்துவிட்டுத் தங்களுக்குள் பேசினார்கள். தேர்தல் அதிகாரி நாளைக்கு எத்தனை மணிக்கு வருவார், விளம்பரத்தை நிறுத்தச் சொல்லி மனுவை யார் எழுதுவது, விசாரணையைத் திரும்ப எடுக்க யாரிடம் போவது. பேச்சின் நடுவே எதிர்வீட்டுப் பெண்மணி, யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

"உன் பையன் போட்டோக்குக் கண்ணாடி விரிசல் விட்டிருந்துச்சே, மாத்திட்டியா?"

"இன்னும் இல்லக்கா" என்றாள் அந்த அம்மா.

"இன்னிக்கே குடு. என்னுதும் மங்கிக் கெடக்கு. சேத்தே மாத்திடலாம்."

அந்த அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு அதிகாரி ஆபீஸ். அங்கயும் வந்து இத சொல்லுவீங்களா?"

"வர்றேன்" என்றார். பிறகு, சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டே சொல்லிவிட்டார். "சொன்னா எனக்கு வேலை போயிடும்மா."

ஒரு கிழவர் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினார்.

"எங்க பசங்களும் வேலைக்குத்தான் போனாங்க" என்றாள் அந்த அம்மா. "பத்து மணி. வீட்லயே எழுதிட்டு வந்துடுங்க. அங்க வந்து நின்னு வார்த்தை தேடாதீங்க."