பேச்சாயியின் அல்பீசியாப் பலகைகள்

இலங்கையில், ரத்தினக்கல்லுக்குப் பேர்போன ரத்தினபுரி மாவட்டத்தில், கலவானப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பேச்சாயி வாய் திறந்தால், மலையுச்சியில் நிற்கிற கங்காணியின் தொப்பி தானாகக் கழன்று விழும் என்பார்கள். பாதி பொய்தான், தொப்பி விழாது, கங்காணியே கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பொதுக் கக்கூஸுக்குக் கதவு இல்லாததற்காக அவள் தோட்டத்தை நடத்த வந்த நாலு துரைமாரோடு சண்டை போட்டாயிற்று. துரைமார் மாறினார்கள், கதவு வரவில்லை. பெண்கள் குடையைக் குறுக்கே விரித்துப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டாம் வருஷம் அவளுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி கண்டது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் ஹபீஸா, பித்தப்பைச் சுவர் தடித்து ஈரலோடு ஒட்டியிருக்கிறது என்றார்.

"கேன்சர் மாதிரித் தெரியுது. இல்லாமலும் இருக்கலாம். வெட்டி எடுத்துச் சோதிச்சாத்தான் சொல்லலாம்."

முதல் வார்த்தையிலேயே அவள் புருஷன் செல்லையாவுக்குக் காது அடைத்துவிட்டது. மிச்சம் உள்ளே போகவில்லை. "வேணாம் புள்ள. கத்தி பட்டா மேலெல்லாம் பரவிரும்னு சொல்றாங்க" என்று வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார்.

ஒரு வாரம் கழித்து, விறகெடுக்க, லயத்தில் அவர்கள் குடியிருந்த காம்பராவின் பின்பக்கம் போனவள் விறகுக்கடியில் புத்தம்புது அல்பீசியா மரப் பலகைகளைக் கண்டாள். சவப்பெட்டிக்கென்று மரண உதவிச் சங்கத்தில் முன்கூட்டியே கேட்டு வாங்கி ஒளித்திருந்தார் செல்லையா. ஒரு பலகையை நிமிர்த்திப் பக்கத்தில் நின்று பார்த்தாள். அவள் உயரத்துக்குமேல் ஒரு சாண்.

"என்னங்க, இது யாருக்கு?"

"மழக்காலம் புள்ள... அந்த நேரத்துல பலக கிடைக்காதுன்னு..."

"அளவு அம்சமா இருக்கு! கலியாணத்துக்கு ரவிக்க தச்சப்ப மட்டும் ஏன் அளவு தெரியாமப் போச்சு?"

செல்லையா அழுதார்.

"அழுவாதீங்க. டாக்டரம்மா 'இருக்கலாம்'னுதான் சொன்னாங்க, நீங்க பெட்டிக்கே போயிட்டீங்க. என்னான்னு தெரியாமச் சாக எனக்கு இஷ்டமில்ல. நான் வெட்டிக்கப் போறேன். இந்தப் பலகையில ஒரு ஆணி அடிச்சீங்க, எந்திரிச்சு வந்து ஒதப்பேன்."

வெட்டினார்கள். உள்ளே கூழாங்கல்போலக் கற்கள்.

"ரத்தினபுரிக் கல்லு டாக்டரம்மா, வெல போகுமா?" என்று கேட்டாள். ஆனால் சோதனை முடிவு வரும்வரை, போர்வைக்குள் அவள் விரல்கள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டேதான் கிடந்தன.

முடிவோடு ஹபீஸா சிரித்துக்கொண்டே வந்தார். "கேன்சர் இல்ல. கல் அடைச்சு, பித்தம் சுவருக்குள்ள கசிஞ்சு, நாள்பட்ட அழற்சியில தடிச்சிருக்கு. பார்வைக்குக் கேன்சரேதான். எங்களையே ஏமாத்தும்."

"என்னய ஏமாத்தல" என்றாள் பேச்சாயி. அது சுத்தப் பொய்.

அவள் வீடு திரும்பியதும், பலகையைத் திருப்பிக் கேட்டுச் சங்கத்துத் தலைவரே வந்தார்.

"எனக்குன்னு குடுத்தீங்கதானே? படுக்க வச்சுக்குவேன், நிக்க வச்சுக்குவேன். ஒங்களுக்கென்ன?"

நிற்கத்தான் வைத்தாள். செல்லையா ஆணி அடித்தார். கக்கூஸுக்குக் கதவு ஏறியது. லயமே கூடி நிற்க, பேச்சாயி முதல் ஆளாக உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள். உள்ளிருந்து குரல் வந்தது:

"என்னங்க, நல்லாத்தான் அளந்திருக்கீங்க!"