பீடத் துணியில் ஏறிய பழுப்பு

கெங்குவார்பட்டியைத் தாண்டி, மலையடிவாரத்தில் ஒரு சின்ன மண் அணை என் பொறுப்பில் இருந்தது. பெரிய பாசன அணை ஒன்றும் இல்லை. மலையில் கொட்டும் மழை ஓடையில் ஒரேயடியாக இறங்கி ஊருக்குள் புகுந்துவிடாமல் தடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுவதற்காகக் கட்டியது. கீழே, ஓடையை ஒட்டியே ஒரு தெரு இருக்கிறது.

பொறியாளர் என்ற முறையில் வருடத்துக்கு ஒருமுறை அணையைப் பார்த்து நான் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். கடைசிக் கட்டத்தில் நன்று, கவனம் தேவை, ஆபத்து என்ற மூன்றில் ஒன்றை எழுத வேண்டும். 'நன்று' என்றால் எல்லோருக்கும் நிம்மதி. மதகை அடைத்துத் தண்ணீரை நிறுத்தலாம், சுற்றியுள்ள தோட்டங்களின் கிணறுகள் ஊறும், மேலிடத்திலிருந்து ஒரு கேள்வியும் வராது. இரண்டு வருடமாக நான் 'நன்று' என்றுதான் எழுதி வந்தேன்.

மூன்றாம் வருடம் மழை முந்திக்கொண்டது. நான் போனபோது அணையில் பாதிக்குத் தண்ணீர் நின்றது. மண் அணை என்றால் கரையின் அடியில் கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிவாகக் கசிந்தால் பயமில்லை. கலங்கிக் கசிந்தால், கரைக்குள் இருக்கிற மண் அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அப்புறம் கரை எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கசிவு தேங்குகிற குழியில்தான் கீழ்த்தெருப் பெண்கள் துணி துவைப்பார்கள். அன்று குழி நிறைய நுரை. தண்ணீர் பழுப்பாக இருந்தது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வீட்டில் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

"அணைக்கு அடியில வந்து இப்படிக் கலக்கி வச்சா நான் எதைப் பாத்து எழுதுறது? எல்லாரும் மொதல்ல எந்திரிங்க!" என்று கத்தினேன்.

"நானும் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு மேடம்" என்றார் அணைக் காவலாளி. அவர் ஒரு நாளும் சொல்லியிருக்க மாட்டார்.

பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே வாளிகளைத் தூக்கினார்கள். ஒருவர் மட்டும் நகரவில்லை. என் வயதுதான் இருக்கும். கீழ்த்தெரு மாதா கோயிலின் பீடத் துணிகளையும் சாமியாரின் வெள்ளை அங்கியையும் சனிக்கிழமைதோறும் துவைத்துக் கொடுப்பவர்.

"நாங்க கலக்கலம்மா. வரும்போதே கலங்கித்தான் வருது. மூணு வாரமா இப்பிடித்தான். இதப் பாருங்க" என்று பீடத் துணியை விரித்துக் காட்டினார். வெள்ளைத் துணி முழுக்க லேசான பழுப்பு. "சோப்ப மாத்திப் பாத்தேன், நீலம் போட்டுப் பாத்தேன், போகல. சாமியாரே என்னான்னு கேட்டாக."

"இத்தனை பேர் காலை விட்டுக் கலக்குற தண்ணியில துவைச்சா பழுப்பு ஏறாம என்ன செய்யும்?"

"சரி. நாளைக்கு ஒருத்தரையும் இங்கன எறங்க விடல. விடிஞ்சதும் நீங்களே வந்து பாருங்க."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. போனேன். அவர் சொன்னது தப்பு என்று காட்டத்தான் போனேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குழியில் ஓர் ஆள் இல்லை. கரையிலிருந்து தண்ணீர் வெளியே வருகிற இடத்திலேயே ஒரு பாட்டிலைப் பிடித்து நிரப்பிக் கல்மேல் வைத்தேன். பிளாஸ்க்கில் இருந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் பாட்டிலின் அடியில் மண் படிந்துவிட்டது. கீழ்த்தெருவில் யாரோ பைக்கை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டது. அவ்வளவு பக்கம்.

படிவத்தில் 'ஆபத்து' என்று எழுதி, மதகை முழுக்கத் திறக்கச் சொன்னேன். தோட்டக்காரர்கள் ஜீப்பை மறித்துக்கொண்டார்கள். "பிடிச்ச தண்ணியத் தொறந்து விடுற இன்சினீயர இப்பத்தான் பாக்குறோம்" என்றார் ஒருவர். மேலதிகாரி போனில், "போன வருஷம் நன்றுன்னு எழுதினது நீங்கதானே?" என்றார்.

"ஆமா சார். தப்பா எழுதிட்டேன்" என்றேன். அந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக வரும் என்று நானே நினைக்கவில்லை.

தண்ணீர் மட்டும் வெளியே வரட்டும், மண் உள்ளேயே நிற்கட்டும் என்று கசிவின்மேல் மணல், அதன்மேல் ஜல்லி, அதன்மேல் பெரிய கற்கள் என்று அடுக்கினோம். வேலை முடிந்த வாரமே மழை பிடித்துக்கொண்டு இரண்டு நாள் விடவில்லை. மதகு திறந்திருந்தும் அணை பாதிக்கு மேல் ஏறியது. முன்பு போலத் தேக்கியே வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. கற்களுக்கு இடையிலிருந்து வந்த தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பார்த்தேன். தெளிவாக இருந்தது. குடைக்குள் நின்று அழுதேன்.

மழை விட்டதும் நன்றி சொல்ல, பீடத் துணி துவைக்கிற அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். துவைக்கிற இடத்தைக் கல் போட்டு மூடிவிட்டோமே என்று வருத்தப்பட்டேன். இப்போது தெருக்குழாயில் பிடித்துத்தான் துவைக்கிறாராம்.

"போகுதும்மா. வீடு நிக்குதுல்ல" என்றார். பிறகு, "இப்ப என்னான்னு எழுதியிருக்கீக?" என்று கேட்டார். நான் என்ன எழுதுகிறேன் என்பது காவலாளி புண்ணியத்தில் ஊருக்கே தெரியும்.

"கவனம் தேவைன்னு."

"அப்பிடியே இருக்கட்டும். நன்றுன்னு எழுதுனா நீங்க வரமாட்டீக. போன வருசம் ஜீப்ப விட்டே எறங்கலையே. கரை மேல வந்து திருப்பிட்டுப் போயிட்டீக."

குத்திக்காட்டவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கரையடியில் அத்தனை பேர் முன்னால் நான் கத்தியபோதே இதைச் சொல்லி என் வாயை அடைத்திருக்கலாம். அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், மறுநாள் காலை நான் அங்கே போயிருக்க மாட்டேன்.