தொலைநோக்கியில் நேராக நின்றவள்

இது நடந்த விஷயம். நம்பாதவர்கள் திருவனந்தபுரம் வலியசாலைக்குப் போய் லலிதாம்பாளையே கேட்கலாம். காப்பி கொடுத்துச் சொல்லுவாள். மொட்டை மாடிக்கு மட்டும் கூப்பிடாதீர்கள்.

போன மார்ச் மாதம். ஐம்பத்துநாலு வயதில் முதல் தொலைநோக்கி வாங்கி அன்றைக்கு இரண்டாம் நாள். "ஆசை அறுபது நாள்டி!" என்று கணவர் ராமசுப்ரமணியன் காலையிலிருந்தே கேலி. மாலை 6.50க்கு அவர் கோயிலுக்குக் கிளம்பினார். பூனை வருமென்று மாடிக் கதவை உள்பக்கம் தாழிட்டுவிட்டுப் போனார். பழக்க தோஷம்! மனைவி மாடியில் இருக்கிறாள் என்பதே மனுஷருக்கு நினைவில்லை. அவளுடைய போன் கீழே சார்ஜில் கிடந்தது.

7.10. கதவு திறக்கவில்லை. கத்திப் பார்த்தாள். கோயில் ஒலிபெருக்கியை மீறி யார் காதில் விழும்? 'வரட்டும், கவனிச்சுக்கறேன்' என்று கறுவிக்கொண்டே வேலையைப் பார்த்தாள். புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் தூரத்து விளக்கு ஒன்றைக் குறிபார்க்க வேண்டும். அடுத்த தெரு செல்போன் கோபுரத்தின் சிவப்பு விளக்கைப் பிடித்தாள். இந்த வகைத் தொலைநோக்கி எதையும் தலைகீழாகத்தான் காட்டும். கோபுரம் தலைகீழாகத் தெரிந்தது.

பக்கத்தில் ஒரு பெண் நேராக நின்றாள்.

லலிதாம்பாள் குழலிலிருந்து கண்ணை எடுத்துப் பார்த்தாள். விளக்கு மட்டும்தான். 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

7.24. எல்லாம் மங்கலாக இருந்தது. குமிழைத் திருகி, கண் வைக்கும் குழலை வெளியே இழுத்ததும் தெளிந்தது. இப்போது அந்தப் பெண் இடுப்புவரைதான் தெரிந்தாள். பெரிதாக. அவிழ்ந்த கூந்தல் மேல்நோக்கி நின்றது... முந்தானையும்.

காட்டுவதெல்லாம் தலைகீழ் என்றால், அங்கே அவள்...

லலிதாம்பாள் குழலை விட்டு விலகினாள். ஓடிப்போய்க் கதவை இடித்தாள். டம். டம். டம்.

யாரும் வரவில்லை.

வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அவள் எங்கே இருக்கிறாள் என்று அறிய அந்தக் குழல்தான் வழி. பார்க்கவும் பயம். பார்க்காமலிருக்க அதைவிடப் பயம்.

7.31. மறுபடி மங்கல். இன்னும் இழுத்தாள். முகம் மட்டும். இமைக்கவில்லை.

7.33. மங்கல். இழுத்தாள்... இழுத்தாள்... குழல் அதற்குமேல் வரவில்லை. வெறும் புகை.

"அப்பாடா... போய்ட்டா."

கதவில் சாய்ந்து உட்கார்ந்து சுலோகம் சொல்ல ஆரம்பித்தாள். 8.20க்குத் தாழ் விலகியது.

"இங்கேயா இருக்கே? ஆத்துக்குள்ளே எல்லா எடத்துலயும் தேடறேன்!" என்றார் கணவர்.

மறுநாள், தொலைநோக்கி விற்ற கடைக்கார மலையாளிப் பையன் ஸ்ரீஜித்திடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"கடைசியிலே மங்கலாயிடுத்துப்பா. போய்ட்டா."

அவன் சிரிக்கவில்லை.

"அம்மா, தூரத்துல உள்ளதுக்குக் குழல் உள்ளே போகும். கிட்ட வர வர வெளியே இழுக்கணும், கேட்டோ. முழுசா இழுத்தும் தெளியலேன்னா..."

"தெளியலேன்னா?"

"முப்பது அடிக்குள்ள வந்தாச்சுன்னு அர்த்தம்."

அந்த மாடியே இருபத்தைந்து அடிதான். அங்கே நாற்பத்தேழு நிமிஷம் லலிதாம்பாள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.