‘குஷி ஜாப்’ என்று பெயர் வாங்கிய டெஸ்க்

"டிரான்ஸ்போர்ட் டெஸ்க்குக்கு ஒரு ஆள் போதும்" என்று மெயில் வந்தது. அங்கே இருந்ததே நாங்கள் இருவர். நான் சீனியர்; ஆகவே போகப்போவது நசீமா. அவள் வீட்டில் சம்பாதிப்பவளும் அவள் ஒருத்திதான்.

ஆபீஸ் கேப் டிரைவர்களைச் சமாளிப்பது எங்கள் வேலை. தமிழ், கன்னடம், உருது என்று அவரவர் பாஷையில் பேசி, வண்டி நின்றால் வேறு வண்டியைத் திருப்பிவிட்டு, சண்டை வந்தால் தீர்த்து வைப்பாள் நசீமா. மேலே யாருக்கும் சத்தமே கேட்காது. அதுதான் வினையாகிவிட்டது.

லண்டன் ஆபீஸிலிருந்து வந்திருந்த மேனேஜர் முந்தின வாரம் அவளிடம், வேலை கஷ்டமாக இருக்கிறதா என்று கேட்டார். நம் ஆட்கள் பழக்கம்தான் தெரியுமே. தலைக்கு மேல் வெள்ளம் போனாலும் மேலதிகாரியிடம் "நோ ப்ராப்ளம் சார்" தான். இவளும் அதையே சொன்னாள். மனிதர் அப்படியே நம்பி, அந்த மெயிலில் எங்களுடையது ‘குஷி ஜாப்’ (cushy job) என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டார்.

அகராதியைப் பார்த்தேன். பேச்சுவழக்கு ஆங்கிலச் சொல். அலட்டிக்கொள்ளாமல் சௌகரியமாக இருப்பது என்று பொருள். குஷனுக்கும் அதற்கும் உறவில்லை. நாம் சொல்லும் அதே குஷிதான் மூலம். பாரசீகத்திலிருந்து உருதுவுக்கு வந்ததை, இங்கே இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் எடுத்துக்கொண்டார்களாம்.

நசீமாவிடம் சொன்னேன். "எங்க வீட்டு வார்த்தை மேடம். அத வச்சே என்னை வீட்டுக்கு அனுப்புறாங்களா?" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் காலை அரைமணி நேரம் எங்கள் பக்கத்தில் வந்து உட்காரும்படி மேனேஜரைக் கேட்டுக்கொண்டேன். நசீமாவிடம், "ஃபோன ஸ்பீக்கர்ல போடு. எதையும் மறைக்காத" என்றேன்.

அன்று நல்ல மழை. "அக்கா, அண்டர்பாஸ்ல தண்ணி, வண்டி நகரல" என்றார் ஒரு டிரைவர். அடுத்தவரை அபார்ட்மென்ட் வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. அந்த வாட்ச்மேனிடம் நசீமா கன்னடத்தில் கெஞ்சினாள். இன்னொருவருக்கு டயர் பஞ்சர். கேப்புக்காக நடுரோட்டில் நனைந்துகொண்டு நின்ற ஆபீஸ் பெண் ஒருத்தி ஃபோனில் அழுதாள். என் ஃபோனும் ஓயவில்லை. மேனேஜர் கொண்டுவந்த காபி ஆறிப்போயிற்று.

இத்தனையையும் ஏன் சொல்லவில்லை என்று அவர் நசீமாவைக் கேட்டார்.

"கஷ்டம்னு சொன்னா, இவளுக்கு வேலை தெரியலன்னு நெனப்பீங்களோன்னு பயம் சார்."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். சாயங்காலம் அவர் அந்த மெயிலை வாபஸ் வாங்கினார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சிரமம் வெளியே தெரியாமல் வேலை செய்வதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைக்காதீர்கள். மேலே இருப்பவர் கண்ணில் படாத உழைப்பு, அவரைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை.