ஒற்றைக் கைக்கு ஒரு மேசை

என் வீட்டுக்காரருடைய பட்டறையைப் பார்த்தால் சிரிப்பீர்கள். கம்பெனி குவார்ட்டர்ஸ் பின்பக்கம் துணி துவைக்கிற கல்தான் அவருக்கு வேலை மேசை. ஒரு கைரம்பம், ஒரு இழைப்புளி, இரண்டு உளி, ஒரு சுத்தியல். ஒட்டிய பலகையை இறுக்கிக் கட்டப் பழைய சைக்கிள் டியூப். முதல் ஷிஃப்ட் முடிந்து வந்து இவர் இழைக்க ஆரம்பித்தால் என் அழுக்குத் துணி வாளியிலேயே கிடக்கும். எத்தனை நாள் கத்தியிருக்கிறேன்! ஆனால் இவர் இழைத்த பலாப் பலகையை ஒருதரம் தடவினால் போதும், என் கோபம் போய்விடும்.

அடுத்த பிளாக்கில் இருக்கும் அக்காவுக்கு வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. ஒரு வருடமாக அவர் கணவர்தான் சமையல். "அவரு ஆக்கிப் போடறத தின்னுகினு கெடக்கறேன்மா. ஒரு வெங்காயமாச்சும் நானே அரியணும்" என்று என்னிடம் அழுதார்.

கேட்டதும் இவர் ஒரு மேசை செய்ய உட்கார்ந்துவிட்டார். மேல்பலகையில் இரண்டு ஆணிகள் முனை மேலே தெரிய நிற்கும். வெங்காயத்தை அதில் குத்திவிட்டால் ஒரு கையாலேயே அரியலாம். கத்தி, கரண்டி வைக்க, இடது கைக்குத் தோதாக இடப்பக்கமாக இழுக்கிற ஓர் இழுப்பறை. அளவெடுக்க அக்கா வீட்டுக்குப் போகவில்லை. டவுன்ஷிப்பில் யார்தான் போவார்கள்? ஒரே டைப் குவார்ட்டர்ஸ், அங்குலம் பிசகாது என்று எங்கள் அடுப்படியிலேயே டேப்பைப் பிடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் வைத்தால், இழுப்பறை சுவரில் இடிக்கிறது! இங்கே எல்லாம் ஜோடி வீடுகள். எங்களுடையது இடது வீடு, அக்காவுடையது வலது வீடு. எங்களுக்குச் சுவர் வலப்பக்கம், அவர்களுக்கு இடப்பக்கம்.

"இருபது வருஷமா இந்த ஊர்ல குப்பை கொட்றீங்க, இதுகூடவா தோணல?" என்று நான் அங்கேயே ஆரம்பித்துவிட்டேன். அக்கா முகம் வாடிப்போயிற்று. "வுடும்மா, எனக்குக் குடுத்து வச்சது அவ்ளோதான்" என்றார்.

"தப்பு என்னுதுக்கா. சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க" என்று இவர் கிளம்பினார். அரை மணியில் மொத்தப் பட்டறையும் ஒரே பையில் வந்து இறங்கியது. பெரிய மெஷின் வைத்திருப்பவரால் இது முடியுமா? அக்கா வீட்டுத் துவைக்கிற கல்லில் மேசையைக் கவிழ்த்துப் போட்டார். இந்தத் தடவை டேப்பைத் தொடவில்லை. அக்காவை அடுப்பருகே நிற்கவைத்து, இடது கையை நீட்டச் சொல்லி, எட்டிய தூரத்தைக் குச்சியில் குறித்துக்கொண்டார். இடப்பக்கத்தைப் பலகையால் அடைத்து, முன்பக்கம் அறுத்து, இழுப்பறையை அங்கே மாற்றினார். பொழுது சாய்வதற்குள் ஒரு விரலால் இழுத்தால் வருகிற மாதிரி செய்துவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அக்கா வெங்காயத்தை ஆணியில் குத்தி அரிய ஆரம்பித்தார். ஒரு துண்டு பெரிசு, ஒரு துண்டு சிறிசு. பாதியில் கத்தி வழுக்கியது. அவர் கணவர் பதறிப்போய்க் கையை நீட்டினார்.

"என் அடுப்படியில உங்களுக்கு என்ன வேலை? போங்க வெளிய!" அக்காவுடைய பழைய அதட்டல் திரும்பி வந்துவிட்டது.

ஒரு வருடம் சமைத்துப் போட்ட அந்த மனிதர் வாசலுக்குப் போய், எங்கள் எல்லார் முன்னாலும் வாய்விட்டு அழுதார்.