என் பேர்ல வேண்டாம்

குழந்தைத் துணி விற்கும் கம்பெனியில், வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புவது அவள் வேலை. எதற்கெடுத்தாலும் நியாயம் பேசுவாள் என்பதால் அலுவலகத்தில் ‘வக்கீலம்மா’ என்றே கூப்பிடுவார்கள். ஒவ்வொரு அஞ்சலின் அடியிலும் ‘அன்புடன்’ போட்டு அவள் சொந்தப் பெயர் இருக்கும். ஒரு மனுஷி எழுதியது போல இருக்கட்டும் என்று மேனேஜர் செய்த ஏற்பாடு.

ஒருநாள் ஒரு பெண்ணிடமிருந்து பதில் வந்தது. ‘எங்கள் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. இனி எதுவும் அனுப்பாதீர்கள்.’ அதைப் படித்துவிட்டு வக்கீலம்மா அனுப்பும் பட்டியலைத் திறந்தாள். அந்தப் பெண்ணின் முகவரியை நீக்கினாள். ‘இனி வராது’ என்று பதிலும் எழுதினாள்.

கோடைத் தள்ளுபடி வந்தது. நீக்கியவர்களையெல்லாம் மேனேஜர் சத்தமில்லாமல் திரும்பச் சேர்த்திருந்தார். அது தெரியாமல் வக்கீலம்மா அந்தப் பெண்ணுக்கும் அனுப்பிவிட்டாள். ‘உங்கள் செல்லத்துக்கு முதல் சட்டை வாங்கியாச்சா?’

அந்தப் பெண் ஒரே வரி எழுதியிருந்தாள். ‘வராது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?’

வக்கீலம்மா அவளிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். மேனேஜர் அறைக்குப் போனாள்.

“வேணாம்னு சொன்னவங்களுக்கு ஏன் சார் அனுப்புறோம்?”

“ஒரு மெயில்தானம்மா. பிடிக்கலைன்னா அழிச்சிட்டுப் போறாங்க. நாளைக்கு அடுத்தது போகணும்.”

“நான் அனுப்பமாட்டேன்.”

“வேற ஆள் அனுப்புவாங்க.”

“அனுப்பட்டும். ஆனா என் பேரை எடுத்துடுங்க. அதைப் போடலாமான்னு எங்கிட்டயும் யாரும் கேட்கல.”

மேனேஜர் பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு, அவர் பெயரைப் போடச் சொன்னார். “எனக்கெதுக்கு சார் வம்பு?” என்று அவர் நழுவினார். கடைசியில் மேனேஜர் தன் பெயரிலேயே அனுப்ப வேண்டியதாயிற்று. மறுநாளே வக்கீலம்மாவைக் கீழே பேக்கிங் அறைக்கு மாற்றினார்.

“மன்னிப்புக் கேட்டுடேன்” என்றார் பஸ் ஓட்டும் கணவர்.

“அந்தப் பொண்ணுகிட்ட கேட்டுட்டேன். வேற யார்கிட்ட கேட்கணும்?”



சில வாரங்களில், எரிச்சலடைந்த ஜனங்கள் கம்பெனி அஞ்சலை வேண்டாத ஸ்பேம் என்று புகார் செய்து செய்து, எது அனுப்பினாலும் அவர்கள் கண்ணில் படாமல் குப்பைப் பெட்டிக்கே போனது. மேனேஜர் கீழே இறங்கி வந்தார்.

“மேல வாம்மா. நீதான் இதைச் சரி பண்ணணும்.”

“அனுப்பலாம்னு அவங்களா சொன்னவங்களுக்கு மட்டும் அனுப்புவேன். மத்தவங்களை அழிச்சிடுவேன்.”

“பாதிப் பேர் போயிடுவாங்களே.”

“முக்கால்வாசிப் பேர் போவாங்க சார்.”

“பார்க்கலாம்.”

“பார்த்துட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன்.”

அவர் நின்றுகொண்டிருக்கும்போதே டேப்பை இழுத்து அடுத்த பெட்டியை ஒட்டத் தொடங்கினாள். அவர் படியேறிப் போனார். சாயங்காலம் திரும்பி வந்து, “சரி, அழிச்சிடு” என்றார்.